யாருடைய வீடும் இல்லாத இடம்

ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்த கையோடு, உடுப்பைக்கூட மாற்றாமல், திரேசம்மாவும் அவள் கணவர் ஞானேந்திரனும் ஒரு மாளிகையில் மத்தியானச் சாப்பாடு சாப்பிடக் காரில் ஏறினார்கள். கேட்கிறவர்களுக்குக் கொடுத்துவைத்த சீவன்கள் என்றுதான் தோன்றும். காருக்குள் இருந்த முகங்களைப் பார்த்திருந்தால் செத்த வீட்டுக்குப் போகிறார்கள் என்று நினைத்திருப்பார்கள்.

மொன்றியலின் புறநகரான புவாண்ட்-கிளேர் கடைத்தொகுதிகள் பின்னால் போகும்வரை ஞானேந்திரன் வாய் திறக்கவில்லை. பிறகு ஸ்டியரிங்கைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

"பிள்ளைக்காக வாறன். அவ்வளவுதான். அந்த வீட்டுச் சாமான் ஒண்டும் என்ரை வாயிலை படாது. உனக்கும் சொல்லிப்போட்டன்."

"கடைச் சாப்பாடுதானே. வெள்ளைக்காரன்தானே சமைக்கிறான்," என்றாள் திரேசம்மா. இரண்டு கிழமையாக, பதினாலு நாளும், இதைத்தான் சொல்லிச் சொல்லி அவரைப் பதப்படுத்தி வைத்திருந்தாள்.

விஷயம் இதுதான். அவர்களுடைய ஒரே மகள் ஜொய்சி, இருபத்தெட்டு வயது, மருந்தகத்தில் வேலை. டனிஸ்ரன் என்ற பொடியனைக் கட்டப்போவதாகச் சொல்லிவிட்டாள். பொடியன் மெத்ரோவில் இன்ஜினியர். குடி இல்லை, புகை இல்லை, ஞாயிறு தவறாமல் அதே கோவிலுக்கு வருகிறவன், பாடகர் குழுவில் பாடுகிறவன். ஒரேயொரு குறை: "எங்கடை ஆக்கள் இல்லை." இந்த மூன்று சொல்லுக்கு மேல் யாழ்ப்பாணத்துக்காரர்கள் விளக்கம் கொடுப்பதில்லை. ஊரில் எந்தத் தெரு, எந்த ஒழுங்கை என்று ஒரு கேள்வி கேட்பார்கள், பதிலைக் கேட்டுக்கொண்டு "ஆ, அப்பிடியே" என்பார்கள், அதோடு கணக்கு முடிந்துவிடும். சமுத்திரம் தாண்டி, முப்பது பனிக்காலம் தாண்டி, பிரெஞ்சு படித்து, வீடு வாங்கி, இன்னமும் அந்த ஒழுங்கைகள் அவர்கள் தலைக்குள் அப்படியே கிடந்தன. வீடு விற்றாலும் ஒழுங்கையை விற்க மாட்டார்கள்.

ஜொய்சி அழவும் இல்லை, கத்தவும் இல்லை. "ஒருநாள் அவையளோடை ஒரு மேசையிலை இருந்து சாப்பிடுங்கோ. பேந்து கோவிலிலை கலியாணம் வைப்பம், எல்லாரையும் கூப்பிடுவம். ஏலாதெண்டால் சொல்லுங்கோ. நீதிமன்றத்திலை கையெழுத்து வைக்கிறதுக்கு நாள் எடுத்து வைச்சிருக்கிறன்," என்று சொல்லிவிட்டாள். டனிஸ்ரனின் வீட்டுக்கு இவர்கள் போகமாட்டார்கள் என்று அவளுக்குத் தெரியும். இவர்கள் வீட்டுக்கு அவர்களை வரவழைக்க அவளுக்கே விருப்பமில்லை. அந்த அலுமாரியில் யாருக்குப் பீங்கான் கோப்பை, யாருக்குக் கடதாசிக் கோப்பை என்று அம்மா பிரித்து வைத்திருப்பதை அவள் சின்ன வயதிலிருந்தே பார்த்திருக்கிறாள். அதனால்தான் யாருடைய வீடும் இல்லாத ஓர் இடத்தைத் தேடி, நகரத்துக்கு வெளியே ஆற்றங்கரையில் இருந்த இந்தப் பழைய மாளிகை உணவகத்தில் மேசை பதிந்திருந்தாள்.

ஞானேந்திரனின் கொள்கை ஊருக்கே தெரியும். மனிதர் ஒளிவுமறைவில்லாதவர், மாட்டேன் என்றால் முகத்துக்கு நேரே மாட்டேன். திரேசம்மாவைத்தான் ஒருவருக்கும் தெரியாது. அவள் சிரித்த முகம். மாதா திருநாளுக்குக் கோவில் மண்டபத்தில் ஆளுக்கொரு சட்டி கொண்டுவருவார்கள். மூடியைப் பார்த்தே எந்தச் சட்டி யாருடையது என்று திரேசம்மா சொல்லிவிடுவாள். வேண்டாத சட்டியையும் அவள் தாண்டிப் போகமாட்டாள். சமைத்தவள் பார்க்கும்படியாக ஒரு கரண்டி எடுத்துத் தட்டில் போட்டு, "நல்ல வாசம்" என்று சொல்லிவிட்டுத்தான் நகர்வாள். அந்தக் கரண்டி தட்டின் ஓரத்திலேயே கிடந்து, பிறகு கைதுடைக்கும் கடதாசியால் மூடப்பட்டு, குப்பைத் தொட்டிக்குப் போகும். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறவர்களைப் பற்றிக் கேள்விப்பட்டிருக்கிறோம். இவள் சோற்றையே மறைத்தாள்.

இத்தனைக்கும் அரைமணி நேரத்துக்கு முன்னால்தான் எல்லோரும் ஒரே வரிசையில் நின்று ஒரே குருவானவர் கையிலிருந்து நற்கருணை வாங்கியிருப்பார்கள். அப்பத்துக்கு ஒழுங்கை பார்ப்பதில்லை. கத்தரிக்காய்க் குழம்புக்குப் பார்ப்பார்கள்.

பத்தொன்பது வருடத்துக்கு முன்னால் ஊரில் திரேசம்மாவின் தகப்பன் செத்துப்போன செய்தி வந்தபோது, வழக்கப்படி அவள் வீட்டில் அடுப்பு மூட்டவில்லை. கோவில் ஆட்கள் சாப்பாடு கொண்டுவந்தார்கள். டனிஸ்ரனின் தாய் செபமலரும் ஒரு பெரிய சட்டியில் சோறும் பருப்பும் கத்தரிக்காய்க் குழம்பும் கொண்டுவந்தாள். திரேசம்மா அவளைக் கட்டிப்பிடித்து அழுதாள். அவள் போனதும் எல்லாவற்றையும் கறுப்புப் பையில் கொட்டி, சட்டியைக் கழுவிக் கவிழ்த்துவிட்டாள். ஒன்பது வயது ஜொய்சி பக்கத்தில் வந்து நின்று, "ஏன் அம்மா எறியிறீங்கள்?" என்று கேட்டாள். "பழுதாப்போச்சு, பிள்ளை," என்றாள் திரேசம்மா. பிள்ளை அதை நம்பியது, மறந்தும் போனது என்றுதான் இத்தனை வருடமாக நினைத்திருந்தாள்.

செபமலர் இப்போது உயிரோடு இல்லை. இரண்டு வருடத்துக்கு முன் புற்றுநோயில் போய்விட்டாள். திரேசம்மா அந்தச் செத்த வீட்டுக்குப் போய் முழுச் செபமாலையும் முன்னின்று சொன்னாள். கோப்பி கொண்டுவந்தபோது வேலைக்கு நேரமாகிறது என்று எழுந்துவிட்டாள்.

மாளிகை திரேசம்மா நினைத்ததைவிடச் சின்னது. கல்லுச் சுவர், சிவப்புத் தகரக் கூரை, இரண்டு புகைபோக்கி. முற்றத்து மேப்பிள் மரங்களில் ஒரு இலை மிச்சமில்லை. உள்ளே நுழையும்போது ஞானேந்திரன் தலையைக் குனியவேண்டியிருந்தது, அவ்வளவு தாழ்ந்த வாசல்நிலை. அவருக்கு அதுவே பிடிக்கவில்லை.

ஆற்றைப் பார்த்த மேசையில் ஜொய்சியும் டனிஸ்ரனும் அவன் தகப்பன் குணரத்தினமும் இருந்தார்கள். குணரத்தினம் முப்பது வருடமாக ஜான்-டலோன் சந்தையில் ஓர் இத்தாலிக்காரரின் மரக்கறிக் கடையில் வேலை செய்தவர். குளிரில் பெட்டி தூக்கி விரல்களெல்லாம் வெடித்திருந்தன. மகனுடைய கோட்டைப் போட்டிருந்தார்போலும், தோள் பக்கம் தொங்கியது. இவர்களைக் கண்டதும் எழுந்து நின்றார்.

"வாங்கோ, வாங்கோ. பாதை சுகமாய் இருந்ததோ?"

"நீர் எப்ப வந்தனீர்?" என்றார் ஞானேந்திரன்.

குணரத்தினம் அவரைவிட ஆறு வயது மூத்தவர். இருந்தாலும் "நீர்"தான். "நீங்கள்" என்று ஒருதரம் சொன்னால் நாக்குச் சுளுக்கிவிடும் என்று பயமோ என்னவோ. குணரத்தினம் அதைக் கவனித்ததாகக் காட்டிக்கொள்ளவில்லை. திரேசம்மாவுக்குக் கதிரையை இழுத்துவிடக் கை நீட்டியவர், பாதி வழியில் யோசித்துவிட்டு, மகனுக்குக் கண்ணைக் காட்டினார். டனிஸ்ரன் இழுத்துவிட்டான்.

பரிமாறுகிற பெண் சிரித்த முகத்தோடு வந்து "போன்ஜூர்" சொல்லி, பாணும் வெண்ணெயும் வைத்தாள். கையோடு வீட்டின் கதையையும் சொல்லத் தொடங்கினாள். வருகிற எல்லோருக்கும் சொல்லிச் சொல்லிப் பாடமாகிவிட்ட கதை. டனிஸ்ரன் தமிழில் சொன்னான்.

"முந்தி இது ஒரு பெரிய காணிக்காரரின்ரை வீடாம். சுத்தியிருக்கிற நிலம் முழுக்க அவருடையது. குடியானவையள் வருஷத்திலை ஒருநாள், இந்த நவம்பர் மாசத்திலைதான், கோதுமையும் சேவலும் கொண்டுவந்து குடுக்கவேணுமாம்."

"இந்த மேசையிலை வைச்சோ?" என்றாள் திரேசம்மா. ஏதாவது கதைத்து மேசையைக் கலகலப்பாக வைத்திருப்பது தன் பொறுப்பு என்று அவளுக்கு எண்ணம்.

டனிஸ்ரன் அந்தப் பெண்ணிடம் கேட்டுவிட்டுச் சொன்னான். "இல்லையாம். பின்னாலை குசினி வாசலாலை. இந்த அறைக்குள்ளை வர விடமாட்டினமாம்."

"அது முறைதானே," என்றார் ஞானேந்திரன், பாணுக்கு வெண்ணெய் பூசிக்கொண்டு. "ஒரு ஒழுங்கு இருந்திருக்கு."

குணரத்தினம் தலைக்கு மேலே இருந்த உத்தரத்தை நிமிர்ந்து பார்த்தார். "நல்ல மரம்," என்றார்.

பூசணிக்காய் சூப் வந்தது. ஞானேந்திரன் அதை முழுக்கக் குடித்தார். திரேசம்மாவுக்கு நெஞ்சில் இருந்த கல் கொஞ்சம் நகர்ந்தது. ஒரே மேசை, ஒரே சூப். இன்னும் ஒரு மணி நேரம் இப்படியே போனால் போதும். கோவிலில் கலியாணம், வெள்ளைச் சேலை, மண்டபம், ஜொய்சி தன் கையைவிட்டுப் போகாமல் தன் கைக்குள்ளேயே. கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை என்பார்கள். திரேசம்மாவுக்கு மகளும் வேண்டும், முப்பது வருடப் பழக்கமும் வேண்டும். இரண்டையும் வைத்துக்கொள்ளலாம் என்றுதான் சூப்பைக் குடிக்கும்போது நினைத்தாள்.

அப்போதுதான் ஜொய்சி, "மாமா, கொண்டுவந்தனீங்களோ?" என்றாள்.

மாமா. திரேசம்மாவுக்குச் சுருக்கென்றது. குணரத்தினம் கதிரைக்குக் கீழே இருந்த துணிப்பையிலிருந்து ஒரு போத்தலை எடுத்தார். இந்த உணவகத்தில் வைன் விற்பதில்லை, வருகிறவர்கள் தாங்களே கொண்டுவரலாம். மொன்றியலில் இப்படிப் பல இடங்கள் உண்டு. ஆனால் இந்தப் போத்தலில் கடை லேபிள் எதுவும் இல்லை. பரிமாறுகிற பெண் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, ஒன்றும் பேசாமல் சிரித்தபடி தக்கையைப் பிடுங்கினாள்.

"போன வருஷத்துப் பழம்," என்றார் குணரத்தினம், வெட்கத்தோடு. "எங்கடை முதலாளிதான் பழக்கிவிட்டவர். பேஸ்மெண்டிலை வைச்சுச் செய்யிறது. செபமலர் இருக்கேக்கை அவதான் பிழிஞ்சு தருவா. இப்ப நானே செய்யிறன். கொஞ்சம் புளிக்கும்."

இரண்டு கிழமையாகத் திரேசம்மா கட்டி எழுப்பிய ஏற்பாடு இதோடு பொலபொலவென்று கொட்டுண்டது. யாருடைய வீடும் இல்லாத இடத்துக்கு அவர்களுடைய வீடு ஒரு போத்தலில் வந்து இறங்கிவிட்டது. அவர் கை பிழிந்தது, அவர் வீட்டுப் பாத்திரத்தில் ஊறியது.

"நான்தான் கொண்டுவரச் சொன்னனான்," என்றாள் ஜொய்சி. சொல்லும்போது அவள் தகப்பனைப் பார்க்கவில்லை. தாயைப் பார்த்தாள்.

ஞானேந்திரன் தன் கிளாஸின் மேல் உள்ளங்கையை வைத்தார். "எனக்குச் சுகர். டொக்டர் வேண்டாமெண்டவர்."

கோவில் ஒன்றுகூடலில் விஸ்கிப் போத்தலைக் கடைசியாக விடுகிற ஆள் அவர்தான் என்பது டனிஸ்ரனுக்கும் தெரியும். இருந்தாலும், "கொஞ்சம் எண்டாலும், அங்கிள்..." என்றான்.

"வேண்டாமெண்டால் வேண்டாம், தம்பி."

திரேசம்மாவால் மௌனத்தைத் தாங்கமுடியாது. "எனக்கு விடுங்கோ, ஒரு சொட்டு," என்றாள். குணரத்தினத்தின் முகம் மலர்ந்தது. அவரே எழுந்து வந்து, ஒரு சொட்டுச் சிந்தாமல், அரைக் கிளாஸ் ஊற்றினார்.

அவள் கிளாஸைத் தூக்கினாள். எல்லோரையும் பார்த்துச் சிரித்தாள். உதட்டில் வைத்துச் சரித்தாள். வைன் வந்து மூடிய உதட்டில் முட்டி நின்றது. ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணிவிட்டு இறக்கிவைத்து, மடித்த துணியால் வாயை ஒற்றிக்கொண்டாள்.

"நல்ல வாசம்," என்றாள்.

குணரத்தினம் தலையாட்டினார். ஜொய்சி தாயின் முகத்தைப் பார்க்கவே இல்லை. கிளாஸையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு மேசைக்கு மேலால் குனிந்து, பிள்ளைக்கு மருந்து கொடுக்கிறவளின் பொறுமையோடு சொன்னாள்.

"அம்மா, விழுங்குங்கோ."

"என்ன பிள்ளை?"

"வாய்க்குள்ளை போகேல்லை. விழுங்குங்கோ."

திரேசம்மாவின் காது இரண்டும் சுட்டது. கிளாஸை மறுபடியும் எடுத்தாள். இந்தமுறை உண்மையாகவே குடிக்கத்தான் நினைத்தாள். ஒரு வாய், அவ்வளவுதானே, மகளைவிடவா பெரிது? ஆனால் உதடு திறக்கவில்லை. அவள் சொல்வதை அவள் வாயே கேட்கவில்லை. இத்தனை வருடம் நடித்து நடித்து, நடிக்காமல் இருக்க அந்த வாய்க்குத் தெரியாமல் போய்விட்டது.

"நெஞ்செரிச்சலாக் கிடக்கு. பேந்து குடிக்கிறன்."

"அண்டைக்கும் பழுதாப்போச்செண்டுதான் சொன்னனீங்கள்," என்றாள் ஜொய்சி. "சட்டி சுட்டது, அம்மா. நான் தொட்டுப் பாத்தனான்."

டனிஸ்ரனுக்கு ஒன்றும் விளங்கவில்லை. குணரத்தினம் தன் தட்டைப் பார்த்தார். அந்த நேரம் பார்த்துப் பரிமாறுகிற பெண் தாரா வாத்தின் பொரித்த தொடைகளைக் கொண்டுவந்து ஆளுக்கொன்றாக வைத்து, நன்றாகச் சாப்பிடச் சொல்லி வாழ்த்திவிட்டுப் போனாள்.

ஞானேந்திரன் முள்ளுக்கரண்டியைக் கீழே வைத்தார்.

"அம்மாவை என்ன விசாரணை செய்யிறாய்? என்னைக் கேள், நான் நேரை சொல்லுறன். குணரத்தினம், உம்மிலை எனக்குக் கோபம் ஒண்டும் இல்லை. பொடியனும் நல்ல பொடியன். இவள் கட்டிறதெண்டால் கட்டட்டும், என்னாலை மறிக்கேலாது. ஆனால் கோவிலிலை வைச்சு ஊரைக் கூப்பிட்டு, உங்கடை வீட்டை நாங்கள் வந்து, எங்கடை வீட்டை நீங்கள் வந்து, அது சரிவராது. என்ரை சகோதரங்களுக்கு நான் முகம் குடுக்கவேணும்."

சொன்னவர் எழுந்து, கோட்டை எடுத்துக்கொண்டு, தாழ்ந்த நிலையில் தலையை இடிக்காமல் குனிந்து வெளியே போனார். காரில் போய் இருந்துவிட்டார் என்பது ஜன்னலால் தெரிந்தது. ஜொய்சி எழுந்தாள். அழக்கூடாது என்று உறுதியாக வந்தவள்தான், ஆனால் உதடு துடித்தது. ஆற்றுப்பக்கத்து விறாந்தைக்கு ஓடிப்போனாள். டனிஸ்ரன் தகப்பனைப் பார்த்தான். தகப்பன் தலையசைத்ததும் பின்னாலே போனான்.

ஐந்து தாராத் தொடைகளுக்கு முன்னால் இரண்டு பேர் மிஞ்சினார்கள்.

"சாப்பிடுங்கோ, ஜொய்சியம்மா. ஆறினால் கொழுப்பு உறைஞ்சுபோம்," என்றார் குணரத்தினம்.

அவள் கத்தியை எடுத்தாள், வைத்தாள். பேசாமல் இருந்திருக்கலாம். அவளுக்கு அது வராதே. "பெட்டை என்னவோ பழசு கதைக்குது. நீங்கள் ஒண்டும் மனசிலை வைச்சுக்கொள்ளாதேங்கோ. அது சின்னனிலை..."

"எனக்குத் தெரியும்," என்றார் குணரத்தினம்.

அவர் குரலில் ஒரு காரமும் இல்லை. முள்ளுக்கரண்டியின் பிடியைத் துணியால் துடைத்துக்கொண்டே சொன்னார்.

"அடுத்தநாள் விடிய நாங்கள் வந்தனாங்கள். உங்கடை ஐயாவுக்குப் பூசை வைச்சிருந்ததெல்லே, உங்களைக் காரிலை ஏத்திக்கொண்டு போவமெண்டு. அண்டைக்குக் குப்பை எடுக்கிற நாள். அணில் பையைக் கிழிச்சுப்போட்டுது. பனிக்கு மேலை சோறும் பருப்பும் பரவிக் கிடந்தது. செபமலர் கார்க் கதவைத் திறந்தவ, மூடிப்போட்டா. ‘திருப்புங்கோ’ எண்டா."

அன்று அவர்கள் வந்ததே திரேசம்மாவுக்குத் தெரியாது. டாக்ஸியில்தான் கோவிலுக்குப் போனாள்.

"எனக்குக் கோபம் வந்தது. வரேல்லை எண்டு பொய் சொல்லக்கூடாது. இறங்கிக் கேக்கத்தான் வெளிக்கிட்டனான். அவதான், ‘செத்த வீடப்பா, விடுங்கோ’ எண்டா. பேந்து அவ கோவிலுக்குச் சமைச்சுக்கொண்டு வந்ததில்லை. கவனிச்சிருப்பீங்கள்."

கவனிக்காமல் என்ன? திருநாளுக்குத் திருநாள் செபமலர் ஒரு பெட்டி தோடம்பழத்தோடுதான் வருவாள். சிலவேளை வாழைப்பழம். எல்லோரும் விடிய எழும்பி இடியப்பம் அவித்து, கறி காய்ச்சிக் கொண்டுவர, இவள் மட்டும் பழப் பெட்டியைக் கொண்டுவந்து மேசையின் கடைசியில் வைப்பாள். "மரக்கறிக் கடைக்காரன் பெண்டிலுக்கு அடுப்பு மூட்டப் பஞ்சி," என்று ஒருதரம் திரேசம்மா சொன்னாள். அந்தப் பகிடிக்குப் பெண்டுகளெல்லாம் விழுந்து விழுந்து சிரித்தார்கள். செபமலர் கை கழுவும் தொட்டிக்குப் பக்கத்தில் நின்றவள்தான். அவளும் சிரித்தாள்.

"‘தோலோடை இருந்தால் ஒருத்தருக்கும் யோசனை இல்லை’ எண்டுவா," என்றார் குணரத்தினம். "நானும் சந்தையிலை நல்லதாப் பாத்துப் பொறுக்குவன். சின்னப் பிள்ளையளும் விரும்பித் தின்னும்." முள்ளுக்கரண்டியை வைத்துவிட்டுச் சொன்னார்: "அவ நல்லாச் சமைப்பா. எனக்கும் பொடியனுக்கும் மட்டும் சமைச்சுக்கொண்டிருந்தா."

திரேசம்மாவுக்கு நிலம் பிளந்து உள்ளே போய்விடலாம் போலிருந்தது. அந்தப் பழங்களை அவள் தின்றிருக்கிறாள். ஒவ்வொரு வருடமும். இரண்டைக் கைப்பைக்குள்ளும் போட்டுக்கொண்டு போயிருக்கிறாள். செபமலர் யாருக்காகப் பழம் கொண்டுவந்தாள் என்று ஒரு நாளும் யோசித்ததில்லை. பூனை கண்ணை மூடிக்கொண்டு பால் குடித்த கதை. அவள் கண்ணை மூடியிருந்த பதினேழு வருடமும் செபமலர் கண்ணைத் திறந்துகொண்டு பக்கத்திலேயே நின்றிருக்கிறாள். மன்னிப்புக் கேட்கவேண்டிய ஆள் மண்ணுக்குள். இருக்கிற ஆளிடம் என்ன சொல்வது? வாய்வரை வந்த "அண்ணை" அங்கேயே நின்றது.

பரிமாறுகிற பெண் வந்தாள். தொடாத தட்டுகளைப் பார்த்துக் கலவரப்பட்டாள். சாப்பாட்டில் ஏதும் குறையா என்று கேட்டாள். இல்லை, பிள்ளைக்கு உடம்பு சரியில்லை, போகவேண்டும் என்று குணரத்தினம் தனக்குத் தெரிந்த சந்தைப் பிரெஞ்சில் சொன்னார். சரி என்றவள், இந்த ஊரில் எந்தச் சாப்பாட்டுக் கடையிலும் கடைசியாகக் கேட்கிற கேள்வியைக் கேட்டாள். பில் எல்லோருக்கும் ஒன்றாகவா, தனித்தனியாகவா?

அவளுக்கு அது வெறும் கேள்வி. ஒரு நாளைக்கு நாற்பது தரம் கேட்கிறாள். திரேசம்மாவுக்கு விளங்கியது. குளிர்களஞ்சியத்தில் பத்து வருடம் பெட்டி அடுக்கியவளுக்கு "ஒன்றாக" என்பதற்கு என்ன பிரெஞ்சு என்று தெரியாதா? அந்தச் சொல் நாக்கு நுனியில் இருந்தது.

குணரத்தினம் முந்திக்கொண்டார். "தனித்தனியாய், மட்மோசெல். மெர்சி."

பிறகு திரேசம்மாவின் பக்கம் திரும்பி, இரகசியம் போலச் சொன்னார். "வேறை வேறையாப் போடச் சொல்லிப்போட்டன். பேந்து உங்கடை வீட்டிலை ஒரு கதை வரக்கூடாது பாருங்கோ."

ஐயோ, அவளுக்கு முதலில் வந்தது நிம்மதி. சுமையை யாரோ தலையிலிருந்து இறக்கிவைத்தது போல ஒரு பெருமூச்சே வந்துவிட்டது. இவ்வளவையும் கேட்ட பிறகும். அது என்ன நிம்மதி என்று அவளுக்கு விளங்க ஒரு கணம் எடுத்தது. விளங்கியபோது நிமிர்ந்து பார்த்தாள். விறாந்தைக் கதவடியில் ஜொய்சி நின்றாள். அவள் எல்லாவற்றையும் கேட்டிருந்தாள். அந்தப் பெருமூச்சையும் பார்த்திருந்தாள்.

ஜொய்சி முகம் கழுவியிருந்தாள். நேரே வந்து, கதிரையில் தொங்கிய தாயின் சால்வையை எடுத்து, அவள் தோளில் போட்டு, கழுத்தடியில் சரிசெய்துவிட்டாள்.

"அம்மா, ரெண்டு கிழமையிலை சனிக்கிழமை, பதினொரு மணிக்குக் கையெழுத்து. முடிஞ்ச கையோடை மாமா வீட்டை சின்னதாய் ஒரு சாப்பாடு. அப்பா வரமாட்டார். நீங்கள் கட்டாயம் வாங்கோ. எனக்கு நீங்கள் நிக்கவேணும்."

"ஓம் பிள்ளை, வாறன், வராமல் என்ன..."

"சாப்பிட்டிட்டு வாங்கோ," என்றாள் ஜொய்சி.

கோபத்தில் சொல்லியிருந்தால் திரேசம்மா திருப்பிச் சண்டை பிடித்திருப்பாள். அழுது சொல்லியிருந்தால் சேர்ந்து அழுதிருப்பாள். மழை வரும், குடை கொண்டு வாங்கோ என்பதைப் போலத்தான் சொன்னாள். தாய்க்குச் சங்கடம் வரக்கூடாது என்ற அக்கறையோடு சொன்னாள். பெற்ற பெண் தன் கலியாணத்துக்கு அம்மாவை வெறும் வயிற்றோடு வரவேண்டாம் என்கிறாள். இனி எப்போதும் இப்படித்தான் நல்லபடியாக நடந்துகொள்வாள். பிள்ளை பிறந்தாலும் படம் அனுப்புவாள், வந்து பார்த்துவிட்டுப் போகச் சொல்வாள், ஒரு தேத்தண்ணி குடியுங்கோ என்று மட்டும் கேட்கமாட்டாள்.

ஜொய்சி மேசையின் மறுபக்கம் போய்க் குணரத்தினத்தைக் கைத்தாங்கலாக எழுப்பினாள். டனிஸ்ரன் கோட்டைப் பிடிக்க, கிழவர் ஒரு கையை நுழைத்தார். போகும்போது திரேசம்மாவைப் பார்த்துத் தலைகுனிந்து விடைபெற்றார்.

வெளியே ஞானேந்திரன் ஹோர்ன் அடித்தார். ஒருதரம், பிறகு நீட்டி இன்னொருதரம்.

திரேசம்மா கிளாஸை எடுத்தாள். இந்தமுறை யோசிக்கவில்லை, எண்ணவும் இல்லை. வாயைத் திறந்து ஒரே மூச்சில் அவ்வளவையும் குடித்தாள். புளித்தது. அவர் சொன்னதுபோலக் கொஞ்சம்தான் புளித்தது. தொண்டையால் இறங்கி, நெஞ்சுக்குள் சூடாக நின்றது. ஒன்றும் ஆகவில்லை. உத்தரம் உடைந்து தலையில் விழவில்லை. வெறும் கிளாஸை உயர்த்திப் பிடித்துக்கொண்டு எழுந்தாள்.

"குடிச்சிட்டன், பிள்ளை," என்றாள். "ஜொய்சி, இஞ்சை பார், முழுக்கக் குடிச்சிட்டன்."

வாசற்கதவு மூடி, மூன்று பேரும் முற்றத்தில் இறங்கியிருந்தார்கள். கார்டு இயந்திரத்தோடு மேசைக்கு வந்த பெண் மட்டும் தன்னிடம்தான் ஏதோ சொல்கிறாள் என்று நினைத்து, "பார்டோன், மதாம்?" என்று காதைக் கொடுத்துக் குனிந்தாள்.